ஸ்பீடு 94லயே நிக்குதா? உங்க பொட்டி மேல பழி போடாதீங்க

கீழக்கரைல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார்: பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர்ல ரெண்டாவதா ஒரு நெட்வொர்க் கார்டு போட்டு ஓப்பன்டபிள்யூஆர்டின்ற இலவச ரவுட்டர் சாஃப்ட்வேரை ஏத்தி ரவுட்டரா ஓட்டுறேன், 200 எம்பிபிஎஸ் பிளான், ஆனா எப்ப பாத்தாலும் 94க்கு மேல வரல, லைன்காரர் வந்து பாத்துட்டு உங்க பொட்டி வேஸ்ட்டு, எங்க ரவுட்டர் வாங்குங்க, இல்லன்னா 300 பிளானுக்கு மாறுங்கன்றார், என்ன செய்யட்டும்?

மொதல்ல ஒண்ணும் வாங்காதீங்க தம்பி. அந்த 94லயே பதில் இருக்கு. ஸ்பீடு ஏறி இறங்கினா ஆயிரம் காரணம் இருக்கும், 94ல ஆணி அடிச்ச மாதிரி நின்னா அநேகமா எங்கயோ ஒரு லிங்க், அதாவது ரெண்டு பொட்டிக்கு நடுவுல உள்ள கேபிள் இணைப்பு, 1000 எம்பிபிஎஸ்க்கு (இதைத்தான் கிகாபிட்னு சொல்றாங்க) பதிலா 100ல ஓடுது. அந்த 100ல டேட்டா மேல ஒட்டுற விலாசச் சீட்டு (ஹெடர்) அது இதுன்னு கழிச்சா கைக்கு வர்றது 94தான். அப்படியிருக்க 300 பிளான் போட்டாலும் அதே 94தான், பில்லு மட்டும் ஏறும். பிளான் மாத்திவிட்டா லைன்காரருக்கு ஏதோ கமிஷன் இருக்கும், கேபிள் முனையை வெட்டி புது ஜாக் அடிச்சுக் குடுத்தா என்ன கெடைக்கப் போகுது.

ரவுட்டரோட ஸ்டேட்டஸ் பக்கத்துல ஒவ்வொரு போர்ட்டுக்கும் லிங்க் ஸ்பீடு காட்டும், 100னு எது காட்டுதோ அதைப் பிடிங்க. கார்டுல சிப்பு மேல 8139னு இருந்தா கதை முடிஞ்சுது, அது 100க்கு மேல போகவே போகாது, கிகாபிட் கார்டு மாத்துங்க. ஃபைபர் மோடத்துலயும் பாருங்க, பல மாடல்ல நாலு போர்ட் இருந்தாலும் ஒண்ணுதான் கிகாபிட்.

அடுத்தது கேபிள். நம்ம கடக்கரைல எனக்கு மொத சந்தேகமே இதுமேலதான். கிகாபிட்டுக்கு உள்ள இருக்கற எட்டு கம்பியும் வேணும், 100க்கு நாலு போதும், அதனால மிச்ச நாலுல ஒண்ணு கெட்டா நெட் நிக்காது, சத்தமில்லாம 100க்கு எறங்கிரும். கச்சான் காத்துல வர்ற உப்பு ஜாக்குக்குள்ள போய் உக்காந்துக்கும், கழட்டி டார்ச் அடிச்சுப் பாருங்க, தங்கக் கலர் பல்லுல பச்சையா களிம்பு தெரியும். தொடைச்சுட்டு திரும்ப சொருகாதீங்க, ஒரு சாண் வெட்டிப்போட்டு புது ஜாக் அடிங்க. வெட்டின கம்பியை பிளேடால சுரண்டுங்க, உள்ளயும் செம்பா இருந்தா நல்ல கேபிள், வெள்ளையா தெரிஞ்சா அலுமினியத்து மேல செம்பு பூசினது, உப்புக்காத்துக்கு அது தாங்காது. "கேட் 6 ஒரிஜினல்"னு சொல்லி இதைத்தான் தலைல கட்டுவாங்க. வாங்கும்போதே சுரண்டிப் பாருங்க, கடைக்காரர் மொறைச்சா மொறைக்கட்டும்.

எல்லா லிங்க்கும் 1000 காட்டியும் ஸ்பீடு ஏறலன்னா லேப்டாப்பை நேரா மோடத்துல சொருகி டெஸ்ட் பண்ணுங்க. இங்க ஒரு சிக்கல் இருக்கு, கவனமா கேட்டுக்கங்க. சில லோக்கல் கம்பெனிங்க நீங்க சொருகியிருக்கற மெஷினோட மேக் அட்ரஸை (நெட்வொர்க் கார்டோட அடையாள நம்பர்) பூட்டி வச்சிருவாங்க, வேற மெஷின் சொருகினா நெட்டே வராது, உடனே லைன் போச்சுன்னு பதறி போன் போட்டா ஆள் வந்து பழைய பொட்டியை சொருகிக் காட்டி "பாருங்க வருதுல்ல"ன்னுட்டு விசிட் சார்ஜ் கேப்பார். அதனால முன்னாடியே போன் பண்ணி மேக் ரிலீஸ் பண்ணச் சொல்லுங்க, பண்ண மாட்டேன்னா ரவுட்டரோட மேக்கை லேப்டாப்ல போட்டுக்கங்க, பிபிபிஓஇ, அதாவது லாகின் பண்ணாத்தான் நெட் வர்ற லைன்னா, யூசர்நேம் பாஸ்வேர்டும் லேப்டாப்ல குடுக்கணும், இதுல ஒண்ணு விட்டாலும் வராது. வைஃபைல டெஸ்ட் பண்ணவே பண்ணாதீங்க.

அப்பவும் 94 பக்கத்துலயே நின்னா தப்பு அவங்ககிட்ட, 200க்கு காசு வாங்கிட்டு சிஸ்டத்துல 100 பிளான்லயே விட்டிருக்கலாம். கம்ப்ளைன்ட் நம்பர் வாங்குங்க, வாய்ல சொன்னது கணக்குல வராது. ஆளே வராம "தங்கள் புகார் தீர்க்கப்பட்டது"ன்னு எஸ்எம்எஸ் வந்தாலும் அசராதீங்க, அந்த நம்பரை வச்சு அதே கம்பெனியோட அப்பீல் அதாரிட்டிக்கு எழுதுங்க. டெலிகாம் கம்பெனிங்களை கண்காணிக்கற டிராய் தனி ஆள் புகாரை விசாரிக்கறதில்ல, கம்பெனி மேல உள்ள புகாரை கம்பெனிகிட்டயே குடுக்கணுமாம், என்ன ஏற்பாடோ! லிங்க் 1000 காட்டுற ஸ்கிரீன்ஷாட்டையும் ஸ்பீடு டெஸ்ட்டையும் சேத்து அனுப்புங்க, இல்லன்னா திரும்பவும் உங்க பொட்டியத்தான் கை காட்டுவாங்க.