ஃபோசெட் தேடிய நகரம் – கடிதமும் பதிலும்

வணக்கம் அண்ணா,

பிரித்தானியப் பயணி பேர்சி ஃபோசெட் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு, அவருடைய குறிப்புகளை இளைய மகன் பிரையன் தொகுத்து 1953 இல் வெளியிட்ட பயணநூலைத் தேடி வாசித்தேன். கீழே வைக்க மனம் வரவில்லை. ஆனால் முடித்தபோது கோபம்தான் மிஞ்சியது. 'இஸட்' என்று தானே பெயர் வைத்த ஒரு நகரத்துக்காக, 22 வயது மூத்த மகனையும் அவனுடைய நண்பனையும் அமேசன் காட்டுக்குள் கூட்டிப்போனார். 1925 இல் மூவருமே காணாமல் போனார்கள். மனைவி காத்துக்கொண்டே இருந்தார். இதையா வீரம் என்கிறீர்கள்? அந்த நகரம் உண்மையிலேயே இருந்ததா? அடுத்து எதை வாசிக்கலாம் என்றும் சொல்லுங்கள்.

ஒரு வாசகி,
வெள்ளவத்தை

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கோபம் நியாயமானது. அதைத் தணிக்க நான் முயலப்போவதில்லை. நகரம் இருந்ததா என்ற கேள்வியை முதலில் எடுக்கிறேன். அதற்குத் திருகோணமலையிலிருந்து தொடங்க வேண்டும்.

1886 இல் பீரங்கிப் படை அதிகாரியாக ஃபோசெட் அங்கே வந்து இறங்கியபோது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. இருந்தது பிரெட்றிக் கோட்டையில். கோணேசர் கோயிலுக்குப் போகும்போது நாங்கள் எல்லோரும் நுழைந்து போகிறோமே, அதே கோட்டைதான். கண்டி அரசர்களின் புதையல் பதுளைப் பக்கம் ஒரு பாறைக்குகையில் கிடக்கிறது என்று ஒரு சீட்டு அவர் கைக்கு வந்தது. போய், ஆட்களை வைத்துத் தோண்டினார். அகப்பட்டது உடைந்த பானையோடுகள். புதையல் தோண்டியவர்கள் கைது என்று இன்றும் அடிக்கடி செய்தி வருகிறது. அந்த ஆசைக்கு நூறு வருடம் ஒரு பொருட்டே இல்லை. இன்னொரு தடவை, மழையில் காட்டுக்குள் வழி தவறி, எழுத்து வெட்டிய பெரும்பாறை ஒன்றின் முன்னால் போய் நின்றார்.

அநுராதபுரத்தின் இடிபாடுகளைக் காடு வெட்டி வெளியே எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. எச்.சி.பி. பெல் தொல்லியல் ஆணையாளராகப் பொறுப்பேற்றது 1890 இல். அப்படியான ஒரு நாட்டில் இளமையைக் கழித்தவருக்கு, காடு மூடிய நகரம் என்றால் கல் என்றே மனதில் பதிந்துவிட்டது. தூண், சிலை, கல்வெட்டு. இது என் ஊகம்தான். ஆனால் அவருடைய பிந்திய வாழ்க்கையைப் பார்க்கும்போது எனக்கு வேறு மாதிரி நினைக்க முடியவில்லை. ரியோ டி ஜெனீரோ நூலகத்தில் 1753 ஆம் ஆண்டின் ஓர் அறிக்கை இருக்கிறது. கல் வளைவுகள், சதுக்கம், நடுவில் கறுப்புக் கல்தூண், அதன் மேல் சிலை என்று காட்டுக்குள் கண்ட ஒரு நகரத்தை அது வர்ணிக்கிறது. ஃபோசெட் அதை அப்படியே நம்பினார். 10 அங்குலக் கருங்கல் சிலை ஒன்று கிடைத்தபோது, பொருளைத் தொட்டே அதன் கதையைச் சொல்வதாகக் கூறிய ஒருவரிடம் கொண்டுபோனார். கடலில் மூழ்கிய கண்டத்திலிருந்து வந்தது என்று அந்த ஆள் சொன்னதையும் நம்பினார்.

அவர் மறைந்த, பிரேசிலின் ஷிங்கு ஆற்றுப் பகுதியில் ஆட்கள் மண்ணாலும் மரத்தாலும் கட்டினார்கள். மைக்கேல் ஹெக்கன்பேகர் என்ற தொல்லியலாளர் அங்கே வாழும் குயிகுரோ பழங்குடி மக்களோடு தங்கி ஆராய்ந்து, 2003 இல் முடிவுகளை வெளியிட்டார். ஊர்களைச் சுற்றி அகழிகள், வட்டமான பெரும் சதுக்கங்கள், ஊருக்கு ஊர் நேர்கோட்டில் ஓடும் வீதிகள், சில இடங்களில் 50 மீற்றர் வரை அகலம். கொழும்பின் காலி வீதியில் நின்று அந்த அகலத்தை நினைத்துப் பாருங்கள். அந்த ஆய்வுக் கட்டுரையை எழுதியவர்களின் பெயர்ப் பட்டியலில் குயிகுரோ தலைவரின் பெயரும் இருக்கிறது. ஐரோப்பியர் கொண்டுவந்த அம்மையும் சளிக்காய்ச்சலும் ஆட்களை வாரிக்கொண்டு போக, மரம் உக்கியது, மண்ணைக் காடு மூடியது. ஆகவே நகரங்கள் இருந்தன. ஃபோசெட் கற்பனை செய்த நகரம் இருக்கவில்லை.

என்னைத் தொந்தரவு செய்வது இன்னொன்று. பொலிவியாவின் வெள்ளச் சமவெளியில் மேட்டு நிலம் உள்ள இடமெல்லாம் பழம்பொருட்கள் கிடப்பதை ஃபோசெட்டே எழுதிவைத்திருக்கிறார். அதே சமவெளியில், வானிலிருந்து லேசர் பாய்ச்சிக் காட்டுக்கு அடியிலுள்ள நிலத்தை அளக்கும் லைடார் மூலம், 22 மீற்றர் உயர மண் கோபுரங்களோடு பெரிய குடியிருப்புகள் இருப்பது 2022 இல் வெளியானது. பதுளையில் பானையோட்டைக் கண்டு ஏமாந்து திரும்பியவர், பொலிவியாவில் அதைக் குறித்துவைத்துவிட்டு மேலே நடந்தார். தொல்லியலாளர் ஒருவர் முதலில் குனிந்து எடுப்பது பானையோட்டைத்தான்.

ஏன் நடந்தார்? றப்பர் முதலாளிகள் அமேசன் பழங்குடி மக்களுக்குச் செய்த கொடுமையைக் கண்டித்து எழுதியவர் அவர். தன் ஆட்களை அந்த மக்கள் மீது சுடவும் விடவில்லை. அப்படியிருந்தும் பெரிய நகரத்தை இவர்களுடைய முப்பாட்டன்மார் கட்டியிருப்பார்கள் என்று அவரால் நினைக்க முடியவில்லை. எங்கிருந்தோ வந்த வெள்ளையர்தான் கட்டியிருக்க வேண்டும். மகனையும் பலி கொண்டது இந்த எண்ணம்தான் என்று நான் சொல்வேன். இடிபாட்டைப் பார்க்கும் முன்பே அது யாருடையது என்று முடிவு கட்டிவிடும் பழக்கம் நம் நாட்டிலும் இல்லாமலில்லை. பொலன்னறுவையில் சோழர் கட்டிய சிவன் கோயிலையும், அங்கே கிடைத்து இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கும் வெண்கலச் சிலைகளையும் பற்றி தமிழர், சிங்களவர் என்று இரண்டு பக்கத்தாரும் கதைப்பதைக் கேட்டால் விளங்கும்.

வீரம் பற்றி. காட்டுக்குள் அவர் பட்ட பாட்டை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் என் மதிப்பு அவருடைய மனைவி நீனாவுக்குத்தான். இலங்கையில் பணியாற்றிய நீதிபதி ஒருவரின் மகள். திருமணம் 1901 இல். மூத்தவன் ஜாக் பிறந்ததும் இங்கேதான், 1903 இல். தோல்வியைப் பற்றிப் பயப்படத் தேவையில்லை என்று கணவர் எழுதிய கடைசிக் கடிதத்தின் தேதி 29 மே 1925. 1951 இல் ஃபோசெட்டின் எலும்புகள் என்று சொல்லப்பட்டவை லண்டனுக்குப் போயின. அவருடையவை அல்ல என்று தெரிந்தது. கணவரும் மகனும் திரும்பி வருவார்கள் என்ற நம்பிக்கையோடுதான் 1954 இல் நீனா கண்ணை மூடினார். உடலைக் காணாமல் ஒரு தாய் எப்படிப் பிள்ளை இறந்துவிட்டது என்று ஏற்பாள்? காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டு 2017 பெப்ரவரியிலிருந்து கிளிநொச்சியில் வீதியோரம் உட்கார்ந்திருக்கும் அம்மாக்களின் கதை முற்றிலும் வேறு, அவர்களுடைய பிள்ளைகள் கனவைத் தேடிப் போகவில்லை. ஆனாலும் நீனாவைப் படிக்கும்போது அவர்களுடைய முகங்கள்தான் எனக்கு முன்னால் வருகின்றன. நூலின் பின்னுரையை இன்னொரு தடவை வாசியுங்கள். அதை எழுதியவர் காட்டுக்குப் போகாமல் மிஞ்சிய மகன்.

அடுத்து வாசிக்க, கஸ்பார் டி கார்வகால் என்ற பாதிரியாரின் குறிப்புகள். 1541–42 இல் ஸ்பானியத் தளபதி ஒரெல்லானாவோடு அமேசன் நதியில் கடல் வரை போனவர், வழியில் அம்பு பட்டு ஒரு கண்ணை இழந்தவர். கரை நெடுக விடாமல் ஊர்கள், கூட்டம் கூட்டமாக ஆட்கள், நல்ல வீதிகள் என்று எழுதினார். நூற்றாண்டுகளாக அதைப் பொய் என்றே ஒதுக்கினார்கள். ஹெக்கன்பேகர் கண்டவற்றை மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள், முடித்ததும் எழுதுங்கள்.