மேலே விற்றவர் பெயர், அடியில் செய்தவர் பெயர்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: ஹாக்கன் வகை .50 காலிபர் மசில் லோடர் (வாய்வழியாக மருந்து திணிக்கும் துப்பாக்கி) ஒன்றைப் பழையதாக வாங்கினேன். குழலின் மேல் ஓர் அமெரிக்க நிறுவனத்தின் பெயரும் ‘மேட் இன் இட்டலி’ என்ற எழுத்தும்தான் இருக்கின்றன. குழலைச் செய்தது யார் என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகர், டொரொன்டோ

பதில்: மேலே பொறித்திருப்பது பெரும்பாலும் இறக்குமதி செய்து விற்றவரின் பெயர். நேவி ஆர்ம்ஸ், டிக்ஸி கன் வொர்க்ஸ், லைமன் எல்லாமே அப்படித்தான். லைமன் பெயரில் வந்த கிரேட் ப்ளெயின்ஸ் ரைஃபிளைச் செய்தது இத்தாலியின் இன்வெஸ்ட்ஆர்ம். செய்தவரை அறியக் குழலைக் கட்டையிலிருந்து எடுத்து அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும்.

அதற்கு முன்னால் உள்ளே பழைய மருந்து கிடக்கிறதா என்று பாருங்கள். மருந்து திணிக்கும் கோலைக் குழலுக்குள் அடிவரை விட்டு, வாய் விளிம்பில் பென்சிலால் கோடு போடுங்கள். கோலை வெளியே எடுத்துக் குழலின் பக்கவாட்டில் அதே அளவுக்கு வைத்துப் பாருங்கள். நுனி நிப்பிளுக்கு (பின்முனையில் வெடிமூடி உட்காரும் சிறு முளைக்கு) நேராக வந்தால் குழல் காலி. ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் முன்னாலேயே நின்றுவிட்டால் மருந்தும் குண்டும் உள்ளே இருப்பதாகவே கொள்ளுங்கள். கருமருந்து பல ஆண்டு கழித்தும் பற்றும். அப்படியே ஒரு துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள்.

காலி என்று உறுதியானபின் சுத்தியலைப் பாதி இழுத்து நிறுத்தி, முன்கட்டையில் இருக்கும் ஆப்பைத் தட்டி எடுங்கள். வாய்ப்பக்கத்தை மெல்லத் தூக்கினால், பின்முனைக் கொக்கி விடுபட்டுக் குழல் கையோடு வந்துவிடும். அடியில் துரு இருந்தால் எண்ணெய் நனைத்த பருத்தித் துணியால் மட்டும் துடையுங்கள். கம்பி பிரஷ், உப்புத்தாள் இரண்டும் வேண்டாம். பத்து நிமிடத்தில் முத்திரையைத் தேய்த்துவிடும், பிறகு எவராலும் படிக்க முடியாது. எழுத்து மங்கலாக இருந்தால் சாக்பீஸைத் தேய்த்துத் துடைத்துவிட்டு, டார்ச்சைக் குழலோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடித்துப் படம் எடுங்கள்.

இத்தாலியக் குழல் என்றால் பிரெஷா அருகே உள்ள கார்டோனே வால் ட்ரொம்பியா சோதனைச் சாலையின் முத்திரை இருக்க வேண்டும். நட்சத்திரத்தின் கீழ் ‘பி.என்.’ இருந்தால், கருமருந்தால் சோதித்த குழல் என்று பொருள். பக்கத்தில் ஒரு சிறு கட்டத்துக்குள் ஆண்டுக் குறி இருக்கும். 1974-க்கு மூன்று எக்ஸ், 1975-இலிருந்து ஏ.ஏ., ஏ.பி. என்று எழுத்துகள். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். ஆங்கில எழுத்துகளை வரிசையாக எண்ணிக்கொண்டு போகக் கூடாது, நடுவே சில எழுத்துகள் கிடையாது. 1980-க்கு ஏ.எஃப்.; 1981-க்கு ஏ.ஜி. அல்ல, ஏ.ஹெச். ஏ.இசட். என்பது 1990, எண்ணிப் பார்ப்பவர்கள் அதை 2000 என்று சொல்லிவிடுவார்கள். 1991 பி.ஏ.யில் தொடங்கும். குறி காட்டுவது சோதித்த ஆண்டை. கடைக்கு வந்தது ஓரிரு ஆண்டு தள்ளியும் இருக்கலாம்.

சோதனை முத்திரை ஊரையும் ஆண்டையும் சொல்லும், பட்டறையைச் சொல்லாது. பட்டறைக்குத் தனிக் கூட்டெழுத்து உண்டு. ஏ.எஸ்.எம். என்றால் ஆர்மி சான் மார்கோ, டி.ஜி.ஜி. என்றால் பின்னாளில் யூரோஆர்ம்ஸ் ஆன ஆர்மி சான் பாவ்லோ, சாய்சதுரத்துக்குள் எஃப்.ஏ.பி. என்றால் பியெட்டா.

கேள்வி: என்னிடம் உள்ள 1853 என்ஃபீல்டு (பழைய பிரிட்டிஷ் ராணுவ ரைஃபிள்) நகலில் பார்க்கர் ஹேல் என்று இருக்கிறது. நண்பர் இத்தாலிய வேலை என்கிறார். யார் சொல்வது சரி?
– வாசகர், லண்டன்

பதில்: இருவர் சொல்வதும் சரியாக இருக்கலாம். பர்மிங்ஹாமில் பார்க்கர் ஹேல் தானே செய்த காலத்துக் குழலில், கிரீடத்தின் கீழ் எழுத்துகள் கொண்ட பர்மிங்ஹாம் சோதனை முத்திரை இருக்கும். 1990-களிலிருந்து அதே பெயரில் இத்தாலியில் செய்தவையும் வந்தன. அவற்றில் கார்டோனே முத்திரை. கழற்றும்போது முதலில் விசைத் தகட்டின் இரு திருகுகள், பிறகு மூன்று பட்டைகளின் இறுக்குத் திருகுகள், கடைசியில் வால் திருகு (குழலின் பின்முனை நீட்டத்தைக் கட்டையோடு பிடிப்பது) என்று போங்கள். திருகை எடுக்காமல் நெம்பினால் வால் ஓரத்தில் கட்டை பிளந்துவிடும்.

1857 கிளர்ச்சிப் பேச்சில் வரும் அதே மாடல் இது. அசலில் 39 அங்குலக் குழல், உள்ளே மூன்று வரி (குண்டைச் சுழற்றும் சுருள் பள்ளம்), 78 அங்குலத்துக்கு ஒரு சுற்று. வரியின் ஆழமும் ஒரே அளவல்ல, பின்னால் அதிகம், வாயருகே குறைவு. நல்ல நகலில் இதையும் பின்பற்றியிருப்பார்கள். ஆகவே வாயருகே மட்டும் ஈயத் துண்டை அடித்து இறக்கி, அதில் பதிந்த வரியை அளந்துவிட்டு ‘வரி ஆழமில்லை, தேய்ந்த குழல்’ என்று தள்ளிவிடாதீர்கள்.

கேள்வி: எண்கோணக் குழல், அடியிலும் ஓர் எழுத்து இல்லை. டக்ளஸ் என்ற அமெரிக்கக் குழல் நிறுவனம் செய்தது என்கிறார் விற்றவர். நம்பலாமா?
– வாசகி, நியூ ஜெர்சி

பதில்: அமெரிக்காவில் கட்டாயச் சோதனைச் சட்டம் கிடையாது. முத்திரை இல்லாததால் மட்டும் போலி என்று சொல்ல முடியாது. இல்லாத முத்திரையைக் காட்டி டக்ளஸ் என்றும் சொல்ல முடியாது. மேல்முகத்தில் கையால் வெட்டிய பெயர் இருந்தால், அது பெரும்பாலும் துப்பாக்கியைக் கூட்டியவருடையது, குழல் செய்தவருடையது அல்ல.

வரியின் சுற்றை அளந்து பாருங்கள். கைப்பிடி தானே சுழலும் துப்புரவுக் கம்பியில் இறுக்கமான துணியைச் சுற்றி உள்ளே விடுங்கள். கம்பியில் ஒரு டேப் துண்டைக் கொடிபோல் ஒட்டி, அது நேர்மேலே நிற்கும்போது வாய் விளிம்பில் கம்பிமேல் கோடு போடுங்கள். கொடி கால் சுற்று திரும்பும் வரை தள்ளி மறுபடி கோடு. இரு கோட்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை நான்கால் பெருக்குங்கள். 12 அங்குலம் வந்தால் 48-க்கு ஒரு சுற்று, 16.5 வந்தால் 66. துணி தளர்வாக இருந்தால் வரியில் ஏறாமல் வழுக்கும், கணக்கும் பொய்யாகும். மூன்று முறை அளந்து ஒத்துவந்தால் மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்.

48 தாம்ப்சன் சென்டர் ஹாக்கனின் அளவு, 70 கிரீன் மவுன்டனின் உருண்டைக் குண்டுக் குழல்களில் வரும், 66 டக்ளஸின் பெரிய காலிபர்களில் வரும். ஆனால் 66-ஐ வேறு பட்டறைகளும் செய்தன. 48 வந்தால் பெரிய காலிபர் டக்ளஸ் என்ற பேச்சைச் சந்தேகியுங்கள். 66 வந்தால் ‘இருக்கலாம்’, அவ்வளவுதான். அந்த ‘இருக்கலாம்’க்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.

கேள்வி: நிப்பிள் தேய்ந்துவிட்டது. செய்தவர் பெயர் தெரிந்தால் அதை வைத்தே புதியது வாங்கலாமா?
– வாசகர், மெல்போர்ன்

பதில்: வேண்டாம், மரையை அளந்து வாங்குங்கள். அமெரிக்கக் குழல்களில் கால் அங்குலம், அங்குலத்துக்கு 28 மரை என்பது வழக்கம். இத்தாலியில் 6 மில்லிமீட்டர், 0.75 புரி (மரைக்கு மரை இடைவெளி, மில்லிமீட்டரில்), பழைய ஸ்பானியத் துப்பாக்கிகளில் 6 மில்லிமீட்டர், 1 புரி அதிகம். ஒரே பட்டறையே ஆண்டுக்கு ஆண்டு மாற்றியதும் உண்டு. கால் அங்குலம் என்பது 6.35 மில்லிமீட்டர். அந்தத் துளையில் 6 மில்லிமீட்டர் நிப்பிள் தளர்வாக ஏறி, இறுகியதுபோலத் தோன்றும். சுடும்போது மரையைப் பிய்த்துக்கொண்டு முகத்துக்கு நேரே தெறிக்கும். புதியது கையால் மூன்று நான்கு சுற்று ஆட்டமில்லாமல் ஏற வேண்டும். முதல் சுற்றிலேயே ரென்ச் தேவைப்பட்டால் அது வேறு மரை, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.