அடித்தல் தெரியட்டும்

கேள்வி: ஐயா, இமயமலைப் பனியாறுகள் 2035-க்குள் மறைந்துவிடும் என்று ஐ.நா. குழு சொன்னது. பிறகு அது தவறு என்று அதே குழு ஒப்புக்கொண்டது. அதைப் படித்த நாள்முதல் பருவநிலை மாற்றம் என்ற பேச்சையே நான் நம்புவதில்லை. என் சந்தேகம் நியாயமானதுதானே?
– வாசகர், கோவில்பட்டி

பதில்: நியாயமானதுதான். ஆனால் ஓர் எண்ணின் மேல் வந்த சந்தேகத்தை ஒரு துறை முழுவதற்கும் விரித்துவிட்டீர்களே, அதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

ஐ.பி.சி.சி. என்கிற அந்தக் குழு 2007-இல் வெளியிட்ட அறிக்கையின் இரண்டாம் தொகுதியில், ஆசியாவைப் பற்றிய அத்தியாயத்தில், ஒரே ஒரு பத்தியில் அந்த 2035 இருந்தது. ஆய்விதழ் எதிலிருந்தும் அது வரவில்லை. இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்றின் அறிக்கையிலிருந்து எடுத்தார்கள். அந்த அமைப்போ 1999-இல் ஓர் அறிவியல் வார இதழில் வந்த செய்தியிலிருந்து எடுத்திருந்தது. 1996-இல் வந்த ஒரு ரஷ்ய அறிஞரின் அறிக்கையில் 2350 என்று இருக்கிறது. இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம் என்று கனடாவின் பனியாற்று ஆய்வாளர் கிரஹாம் காக்லி சுட்டிக்காட்டினார். அச்சுக்குப் போகும் முன்பே அந்தப் பத்தியைக் குறித்துக் கேள்வி எழுப்பியவர்கள் உண்டு. அவர்கள் பேச்சு எடுபடவில்லை.

2009 நவம்பரில், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் உயர் பதவி வகித்து ஓய்வுபெற்ற வி.கே. ரைனா எழுதிய அறிக்கையை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்டது. பனியாறுகள் பின்வாங்குவதில் அசாதாரணமான வேகம் எதுவும் தெரியவில்லை என்பது அவர் வாதம். குழுவின் தலைவராக இருந்த பச்சௌரி அதை மாந்திரீகத்தோடு ஒப்பிட்டு இழித்துப் பேசினார். இரண்டே மாதத்தில், 2010 ஜனவரி 20 அன்று, 2035 பற்றிய பத்திக்காகக் குழு வருத்தம் தெரிவித்தது. எண் பிசகியதைக்கூட என்னால் மன்னிக்க முடிகிறது. கேள்வி கேட்ட மூத்த அறிஞரை ஏளனம் செய்ததை இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

இன்னொன்றையும் பாருங்கள். அந்த எண் பொருந்தாது என்று பிடித்துக் கொடுத்தவர்கள் யார்? பனியாறுகளையே வாழ்நாளெல்லாம் அளந்துகொண்டிருந்தவர்கள். அதே அறிக்கையின் முதல் தொகுதியில், பனியாறுகளின் இயற்பியலைப் பேசும் அத்தியாயத்தில், 2035 என்ற கணிப்பே கிடையாது. பனி கரைகிறது என்பதும் பொய்யாகிவிடவில்லை. புவி வெப்ப உயர்வை 1.5 டிகிரிக்குள் நிறுத்தினாலும், இந்துகுஷ் இமயமலைப் பகுதியின் பனியாறுகளில் மூன்றில் ஒரு பங்கு இந்த நூற்றாண்டின் இறுதிக்குள் போய்விடும் என்று காத்மாண்டுவில் இயங்கும் ஆய்வு மையம் 2019-இல் கணித்தது. 2035-ஐ நம்பாமல் இருங்கள். இதைப் படித்துப் பாருங்கள்.

கேள்வி: வெப்பமானிகள் எல்லாம் நகரத்து கான்கிரீட்டுக்கு நடுவில் இருந்தால் வெப்பம் ஏறத்தானே செய்யும்?
– கல்லூரி மாணவர், சேலம்

பதில்: நல்ல கேள்வி. இதே கேள்வியோடுதான் அமெரிக்காவின் பெர்க்லி இயற்பியலாளர் ரிச்சர்ட் முல்லர் 2010-இல் களம் இறங்கினார். அவருக்குக் கிடைத்த நிதியில் ஒரு பகுதி எண்ணெய்த் தொழிலதிபர் சார்லஸ் கோக்கின் அறக்கட்டளை கொடுத்தது. நகரத்து நிலையங்களை விலக்கியும் சேர்த்தும் கணக்குப் போட்டார்கள். இரு வழியிலும் ஏறுமுகம் மாறவில்லை. நிலப்பரப்பின் வெப்பம் 250 ஆண்டுகளில் சுமார் 1.5 டிகிரி செல்சியஸ் ஏறியிருந்தது. அதற்கு மனிதர்களே காரணம் என்று 2012-இல் முல்லர் தம் பெயர் போட்டு எழுதினார். முடிவு எதுவானாலும் ஏற்பேன் என்று முன்கூட்டியே அறிவித்திருந்த வேறொரு மறுப்பாளரோ, முடிவு வந்ததும் ஏற்கவில்லை. இருவரும் சந்தேகத்தில்தான் தொடங்கினார்கள், தம்பி.

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கும் என் மகன் ஊசல் சோதனையில் புவியீர்ப்பு முடுக்கம் 9.8 வர வேண்டும் என்பதற்காக ரீடிங்கை மாற்றி எழுதுகிறான். எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்களாம். கண்டிப்பதா, விட்டுவிடுவதா?
– ஒரு தாய், மன்னார்குடி

பதில்: அம்மா, முப்பது ஆண்டுகளுக்கு மேல் இயற்பியல் ஆசிரியராக இருந்தவன் நான். இதில் எனக்கும் ஒரு பாவக்கணக்கு இருக்கிறது.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு. வகுப்பு முழுவதும் 9.8 எழுதியிருக்க, ஒரு மாணவனின் ரெக்கார்டு நோட்டில் மட்டும் 10.9 இருந்தது. "மற்றவர்களுக்கு வருகிறதே, உனக்கு மட்டும் ஏன் வரவில்லை?" என்று கடிந்து திருப்பிக் கொடுத்தேன். மறுநாள் 9.8 எழுதிக்கொண்டு வந்தான். பழைய எண்ணை ரப்பரால் அழித்த இடத்தில் தாள் நைந்து போயிருந்தது. மதிப்பெண் போட்டேன்.

சில வாரம் கழித்து அவன் பக்கத்தில் நின்று பார்க்க நேர்ந்தது. குண்டை விட்டு ஸ்டாப் வாட்சை அழுத்தும்போதே "ஒன்று" என்றான். அங்கே "சுழி" என்றுதான் தொடங்க வேண்டும். இருபது என்று எண்ணி நிறுத்தும்போது குண்டு ஆடியிருப்பது பத்தொன்பது தடவைதான். ஒரு மீட்டர் நூலுக்கு நாற்பது விநாடி வர வேண்டிய இடத்தில் முப்பத்தெட்டுதான் வரும். கணக்குப் போட்டால் 10.9 வரும். அவன் எழுதியது, அவன் எண்ணியதற்குச் சரியான விடை.

அடுத்த மேசைக்குப் போனேன். அங்கும் "ஒன்று." அதற்கடுத்த மேசையிலும் "ஒன்று." வகுப்பே தப்பாக எண்ணியது, சுழியிலிருந்து எண்ணச் சொல்லித் தராதது நான். விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டுத்தான் எல்லாரும் 9.8-க்கு வந்திருக்கிறார்கள். என் பிழையை எனக்குக் காட்டியிருக்கக்கூடிய ஒரே எண்ணை நானே அழிக்க வைத்திருந்தேன்.

மகனைத் திட்டாதீர்கள். வந்த ரீடிங்கை அப்படியே எழுதச் சொல்லுங்கள். தவறினால் குறுக்கே ஒரே கோடு போட்டு, பழைய எண் படிக்கும்படி விட்டு, பக்கத்தில் புதியதை எழுதட்டும். மதிப்பெண் குறைந்தால் அவன் ஆசிரியரிடம் நீங்களே போய்ப் பேசுங்கள். கூடவே, எண்ணும்போது எந்தச் சொல்லில் தொடங்குகிறான் என்று இன்று மாலையே கேட்டுவிடுங்கள்.