கார் உதிரிபாகத்தின் தரத்தை அது தயாரான நாடு தீர்மானிக்குமா?

பிரேக் பேட் பெட்டியில் வெளிநாட்டுப் பெயர் இருந்தால் தவிர்க்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நாட்டை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டியதில்லை. கார் நிறுவனங்கள் பெரும்பாலான பாகங்களைத் தாமே செய்வதில்லை. சப்ளையர்களிடம் வாங்கித் தம் பெயரிட்ட பெட்டியில் அடைத்து விற்கின்றன. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ரேடியேட்டர் மூடிகளைச் சென்னையின் சுந்தரம் ஃபாஸ்ட்னர்ஸ் 1990களிலேயே அனுப்பத் தொடங்கிவிட்டது.

பேட் என்பது எஃகுத் தகட்டின் மேல் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் ஒட்டப்பட்ட உராய்வுக் கலவை. கலவையிலோ பதப்படுத்தும் நேரத்திலோ சிக்கனம் பிடித்தால், பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தாலும், மலைப்பாதை இறக்கத்தில் சூடேறும்போது பிடி தளரும். சில சமயம் கலவை தகட்டைவிட்டே பிரிந்துவரும். இதற்காகவே, ஐரோப்பாவில் விற்கப்படும் மாற்று பேட்கள் எங்கே செய்யப்பட்டிருந்தாலும் ஆர்90 என்னும் ஐ.நா. வாகன விதிப்படி அசல் பேட்டோடு ஒப்பிட்டுச் சோதிக்கப்படுகின்றன. தகட்டில் வட்டத்துக்குள் ஆங்கில 'E' எழுத்துடன் இருக்கும் எண், ஒப்புதல் அளித்த நாட்டையே குறிக்கிறது (1 என்றால் ஜெர்மனி). அதைத் தயாரித்த நாடென்று பலர் தவறாக எண்ணுகிறார்கள்.

என் கவலையெல்லாம் போலிகளைப் பற்றியதுதான். ஆகவே ரசீது தரும் கடையில் வாங்கி, பெட்டியிலுள்ள பாக எண்ணை உங்கள் கார் மாடலுக்கு உரிய பாக எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.