கழுத்து இழுப்பது நடிப்பல்ல

கேள்வி: கொழும்பில் ஒரு தனியார் மருத்துவமனையில் உதவித் தாதியாக இருக்கிறேன். பொது வாட்டிலிருந்து மனநல வாட்டுக்கு மாற்றிவிட்டார்கள். ஒருவர் குளிசையை வாய்க்குள் ஒளித்து வைத்துப் பிறகு துப்புகிறார். இன்னொரு இளைஞருக்கு ஹெலோபெரிடோல் என்ற மனநோய் மருந்தை ஊசியாகப் போட்ட அன்றிரவே கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. 'நடிக்கிறார், விடுங்கள்' என்றார்கள். நான் என்ன செய்திருக்க வேண்டும்?

பதில்: முதலில் அந்த இளைஞர். நீங்கள் சொல்வது டிஸ்டோனியா, அதாவது மருந்தால் வரும் தசை இறுக்கம், போலவே இருக்கிறது. மருந்து மூளையில் டோபமைன் என்ற இரசாயனத்தின் வேலையைத் தடுப்பதால் தசை இறுகிக்கொள்கிறது. கழுத்து திரும்பும், கண் மேலே செருகி நிற்கும், நாக்கு தடித்து வெளியே தள்ளும், தாடை பூட்டிக்கொள்ளும். நினைவு மட்டும் தப்பாது, கூப்பிட்டால் விளங்கும். வலிப்பாக இருக்குமோ என்ற சந்தேகம் வந்தால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஊசி போட்ட சில மணி நேரத்திலிருந்து சில நாட்களுக்குள் வரும், இளம் ஆண்களுக்குக் கூடுதலாக. விட்டு விட்டு வருவதும் பதற்றத்தில் கூடுவதும்தான் அதற்கு 'நடிப்பு' என்ற கெட்ட பெயரை வாங்கிக் கொடுத்தவை.

உடனே பொறுப்புத் தாதிக்கும் டொக்டருக்கும் சொல்லுங்கள். இறுக்கத்தைத் தளர்த்தும் மருந்தை ஊசியாகப் போட்டால் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தளரும். அதுவரை ஆளைத் தனியே விடாதீர்கள், வாயால் எதுவும் கொடுக்காதீர்கள். மூச்சில் கீச்சென்ற ஒலி கேட்டால் குரல்வளைத் தசை இறுகுகிறது, அது உயிராபத்து.

காய்ச்சல், உடல் முழுவதும் விறைப்பு, வியர்வை, குழப்பம் சேர்ந்து வந்தால் கதை வேறு. கொழும்பில் காய்ச்சல் என்றதும் டெங்குதான் நினைவுக்கு வரும். ஆனால் இந்த மருந்து எடுப்பவரானால் கையை மடக்கி நீட்டிப் பாருங்கள். ஈயக் குழாயை வளைப்பதுபோல இருந்தால் நியூரோலெப்டிக் மலிக்னன்ட் சிண்ட்ரோம் என்ற, இந்த மருந்துகளால் வரும் உயிராபத்தான எதிர்விளைவாக இருக்கலாம். டொக்டர் வந்து பார்க்கும்வரை அடுத்த வேளை மருந்தை நிறுத்தி வையுங்கள்.

இனிக் குளிசை. உட்கார வைத்து, ஒவ்வொன்றாக, ஒரு முழுக் குவளை தண்ணீரோடு கொடுங்கள். விழுங்கியதும் இரண்டு வார்த்தை பேச வையுங்கள்; கன்னத்தில் அடக்கி வைத்திருந்தால் பேச்சிலேயே தெரியும். பிறகு வாயைத் திறக்கச் சொல்லி நாக்கின் அடியையும் ஈறையும் பாருங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் கண்ணெதிரே இருக்கட்டும், கழிப்பறைப் பக்கம் போக வேண்டாம். தலையணை உறையையும் பார்க்க மறக்காதீர்கள். துப்பியதெல்லாம் குப்பைக்குப் போவதில்லை, சேர்த்து வைத்து ஒரேயடியாக விழுங்குபவர்கள் உண்டு.

பிளேன்டீயில் பொடித்துக் கலக்கும் யோசனை யாராவது சொல்வார்கள். நீங்களாகச் செய்யாதீர்கள். நோயாளியை ஏமாற்றுவது ஒருபுறம், மெதுவாகக் கரைய வேண்டிய குளிசையைப் பொடித்தால் முழு அளவும் ஒரேயடியாக உடம்பில் இறங்கிவிடும். ஏன் துப்புகிறார் என்று கேளுங்கள். தூக்கம், எடை, கை நடுக்கம் என்று ஏதாவது காரணம் இருக்கும். ரிஸ்பெரிடோன், ஓலன்சபின் போன்ற மனநோய் மருந்துகளில் வாயில் வைத்ததும் கரையும் வகை உண்டு, டொக்டரிடம் கேட்கலாம்.

அவர் துப்புவது குளோசபின் என்ற மனநோய் மருந்தாக இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். 48 மணி நேரத்துக்கு மேல் உள்ளே போகாமலிருந்து, திடீரென்று பழைய முழு அளவை விழுங்கினால் பிரஷர் சடாரென்று இறங்கும், வலிப்பும் வரலாம். 12.5 மில்லிகிராமிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். டிக்கெட்டில், அதாவது நோயாளியின் குறிப்பேட்டில், 'கொடுத்தேன்' என்று மட்டும் எழுதிவிட்டுத் துப்பியதை எழுதாமல் விட்டால், டொக்டருக்கு இந்த இடைவெளி தெரியவே தெரியாது.

எழுதும்போது நோயாளியின் சொல்லையே எழுதுங்கள். அந்த இளைஞர் தமிழில் 'நாக்கு தடிக்குது' என்று சொல்லி, அது சிங்களத்தில் 'பேச்சுக் குழறுகிறது' என்று மாறிப் போனால், தசை இறுகியது போதை மயக்கமாகிவிடும். அவர் சொன்னது, சொன்ன நேரம், கடைசி ஊசி போட்ட நேரம், மூன்றையும் ஒரே வரியில் குறித்து, ஷிப்ட் மாறும்போது வாயாலும் சொல்லுங்கள்.