நகைக்கடன் கவுன்ட்டரிலிருந்து: வாசகர் கேள்வி பதில்

பதில் சொல்பவர்: பொதுத்துறை வங்கி ஒன்றில் 34 ஆண்டுகள் வேலை பார்த்து, கிளை மேலாளராக ஓய்வுபெற்றவர்.

“‘வளரும் நாட்டின் பொருளாதாரத்தைத் தடுக்கும் சமூகப் பிரச்சினைகள்’ என்று கல்லூரியில் கட்டுரைப் போட்டி. வறுமை, கல்லாமை, சாதி, ஊழல், மக்கள்தொகை என்று ஐந்து எழுதிவிட்டேன். இன்னும் ஐந்து சொல்லுங்களேன் மேடம்.”
– கல்லூரி மாணவி, அருப்புக்கோட்டை

ஐந்தே அதிகம்மா. நாலை அடித்துவிடு.

நீ எழுதியதில் தப்பு ஒன்றுமில்லை. இதே பட்டியலைத்தான் 1978-ல் நானும் எழுதினேன். இரண்டாம் பரிசாக ஒரு எவர்சில்வர் டம்ளர் கொடுத்தார்கள். டம்ளர் இன்னும் வீட்டில் இருக்கிறது, பட்டியலும் ஊரில் அப்படியே இருக்கிறது. அதனால் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள். அது யார் வீட்டில் புகுந்தது, எத்தனை ரூபாயைத் தின்றது என்று எழுது.

எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். தொண்ணூறுகளின் கடைசியில் உங்கள் மாவட்டத்தில்தான் ஒரு கிளையில் இருந்தேன். நகைக்கடன் கவுன்ட்டர். காலை பத்து மணிக்கே டோக்கன் தீர்ந்துவிடும். அப்ரைசர் நகையை உரைகல்லில் இழுத்து, ஒரு சொட்டு ஆசிட் விட்டு, தராசில் வைத்து, “மொத்தம் முப்பத்திரண்டு கிராம், கல்லு அரக்கு கழிவு மூணு” என்று சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டும். விண்ணப்பத்தில் ‘கடனின் நோக்கம்’ என்று ஒரு கட்டம் உண்டு. பட்டா, சிட்டா, அடங்கல் எல்லாம் இணைத்து ‘விவசாயம்’ என்று எழுதிக் கொடுப்பார்கள். வெளியே திண்ணையில் கல்யாணப் பத்திரிகைக் கட்டோடு பெண்ணின் தாய்மாமன் உட்கார்ந்திருப்பார். எந்தப் பயிருக்கு உரம் போகிறது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

அங்கே வருவார் ஒரு தறிக்காரர். சொந்தமாக இரண்டு விசைத்தறி. இன்னும் இரண்டு செகண்ட் ஹேண்ட் தறி வாங்குவதற்காக எங்கள் கிளையில் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்துக்கொண்டிருந்தார். தறி வந்திருந்தால் அவருக்கு வருமானம் கூடியிருக்கும், தெருவில் இன்னும் இரண்டு பேருக்குக் கூலி கிடைத்திருக்கும். அந்த வருஷம் மகளுக்கு இடம் அமைந்துவிட்டது. இருபத்தைந்து பவுன். டெபாசிட்டை முறித்தார். போதவில்லை, ஓடிக்கொண்டிருந்த தறியில் ஒன்றை விற்றார். நான்கு ஓட வேண்டிய கொட்டகையில் ஒன்று ஓடியது.

கதை அதோடு முடியவில்லை. இரண்டு வருஷம் கழித்து அதே நகை எங்கள் கவுன்ட்டருக்கே வந்தது, மாப்பிள்ளை கையோடு. அதை வைத்து அவர் எஸ்.டி.டி. பூத் போட்டார். நன்றாகத்தான் நடந்தது. பிறகு ஆளுக்கொரு செல்போன் வந்தது, பூத்துக்கு ஆள் வருவது நின்றது. வட்டி கட்டவில்லை. ஏல நோட்டீஸில் கையெழுத்துப் போட்டது நான்.

இதில் யார் திருடினார்கள்? யாரும் இல்லை. சோம்பேறி என்று யாரைச் சொல்வாய்? ஒரு பெண்ணைக் கட்டிக்கொடுக்க இவ்வளவு என்று ஊர் வைத்திருந்த ரேட்டு ஒரு பட்டறையைச் சுருக்கியது. இதை எழுது. பரிசு வராமல் போனால் டம்ளர் நான் தருகிறேன்.

“வரதட்சணை தப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தங்கம் சேமிப்புதானே? வங்கியில் போட்டவனைவிட நகையாக வைத்திருந்தவன்தான் இன்று பணக்காரன். பொருளாதாரத்துக்கு என்ன நஷ்டம்?”
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கோவில்பட்டி

சார், முதலில் தோல்வியை ஒப்புக்கொள்கிறேன். பவுன் மூவாயிரத்துச் சொச்சம் விற்ற காலத்தில் “நகை வாங்காதீங்க, டெபாசிட் போடுங்க” என்று நான் அறிவுரை சொன்ன அம்மாக்கள் இப்போது கடைத்தெருவில் பார்த்தால் என்னைவிட்டு விலகிப் போகிறார்கள். நியாயம்தான்.

ஆனால் சேமிப்பு என்றால் நமக்கு வேண்டும்போது எடுத்துத் தொழிலில் போட முடிய வேண்டும். பெண்ணின் கழுத்தில் போட்ட நகையை வைத்து அவளே தொழில் செய்ததை என் சர்வீஸில் விரல்விட்டு எண்ணிவிடுவேன். பெட்டகத்துக்குள் இருந்தே வாழ்ந்த நகைகள் எத்தனையோ. ஒரு மாங்காய் ஆரம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. வைகாசி முகூர்த்தத்துக்கு முந்தின நாள் கைமாற்று வாங்கி மீட்டுக்கொண்டு போவார்கள். கல்யாணத்தில் போட்டுக்கொண்டு, அடுத்த வாரமே திரும்பக் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். ஆவணியில் மறுபடியும். அந்த ஆரத்துக்கு எங்கள் பெட்டகம்தான் வீடு, சொந்த வீட்டுக்கு அது விருந்தாளி. அந்தக் குடும்பம் வருஷக்கணக்காகக் கட்டிய வட்டியைக் கூட்டினால் இன்னொரு ஆரமே வாங்கியிருக்கலாம்.

வாங்கும்போது கொடுத்த செய்கூலியும் சேதாரமும் திரும்பி வராது. அடகு வைத்தால் கல்லைக் கழித்துவிடுவோம். அதன் பிறகும் என் காலத்தில் மதிப்பில் முக்கால்வாசிதான் கடன் கொடுத்தோம்.

நாட்டுக் கணக்கும் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் தோண்டி எடுக்கும் தங்கம் ஒன்றும் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். ஆண்டுக்கு 700, 800 டன் வெளியிலிருந்து வருகிறது. 2023-24-ல் மட்டும் அதற்காகப் போன அன்னியச் செலாவணி 4,500 கோடி டாலருக்கு மேல். வீட்டில் முடங்கிய தங்கத்தை வெளியே எடுக்க 2015-ல் மத்திய அரசு தங்க டெபாசிட் திட்டம் ஒன்று கொண்டுவந்தது. நகையைக் கொடுத்தால் உருக்கிக் கட்டியாக்கி வட்டி தருவார்கள். நானும் துண்டுப் பிரசுரம் கொடுத்தேன். ஒரு அம்மா முழுக்கக் கேட்டுவிட்டு, “இது எங்க ஆத்தா போட்டது கண்ணு, இதை உருக்குவீங்களா?” என்றார். அதற்கு அந்தப் பிரசுரத்தில் பதில் இல்லை. 2025 மார்ச்சில் அந்தத் திட்டத்தில் குறுகிய கால டெபாசிட் தவிர மற்றதை நிறுத்திவிட்டார்கள்.

“நாங்கள் எதுவும் கேட்கவில்லை. ‘உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறதைச் செய்யுங்க’ என்றுதான் சொன்னோம். இதுவும் வரதட்சணையா?”
– மாப்பிள்ளையின் அப்பா, ஈரோடு

ஆமாம். ‘இருபது பவுன்’ என்று சொல்லியிருந்தால் இருபதோடு முடிந்திருக்கும். வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது 1961-ல். 1960 முதல் 2008 வரை 17 மாநிலங்களில் நடந்த 40,000 கிராமத்துக் கல்யாணங்களை உலக வங்கி ஆய்வாளர்கள் அலசிப் பார்த்தார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தில் வரதட்சணை கைமாறியிருக்கிறது. அவற்றில் எத்தனை வீட்டில் ‘எதுவும் கேட்கவில்லை’யோ.

“எல்லாவற்றுக்கும் மூல காரணம் மக்கள்தொகைதான். இதை ஏன் யாரும் சொல்வதில்லை?”
– வணிகர், திண்டுக்கல்

சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார்கள். நம் மாநிலத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தை என்றது 2019-21 குடும்பநலக் கணக்கெடுப்பு. நாடு முழுவதற்கும் 2.0. பிள்ளை குறைந்தால் செலவும் குறையும் என்றுதான் நானும் நினைத்தேன். ஐந்து பெண் பெற்ற எங்கள் பாட்டி ஆளுக்கு மூன்று பவுன் போட்டார். இப்போது “ஒரே பொண்ணு, குறையா செஞ்சா நல்லாவா இருக்கும்?” என்று ஐம்பது.

“தாலிக்குத் தங்கம் திட்டத்தை மாற்றியது சரியா? ஏழைப் பெண்ணின் கழுத்துக்கு வந்த ஒரு பவுனும் போச்சே.”
– இல்லத்தரசி, பெரம்பலூர்

எனக்கும் முதலில் மனசு கேட்கவில்லை. அப்புறம் யோசித்துப் பார்த்தேன்.

மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் அந்தத் திருமண உதவி 1989-ல் வந்தபோது 5,000 ரூபாய். பெண் எட்டாவது வரை படித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பிறகு அது பத்தாவது ஆனது. பட்டம் படித்தவளுக்கு 50,000, மற்றவர்களுக்கு 25,000 என்று வளர்ந்தது. 2011-ல் 4 கிராம் தங்கம் சேர்ந்தது, 2016-ல் 8 கிராம். ஆக, கல்யாணத்தைக் காட்டிப் பெண்ணைப் பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்த திட்டம் அது. “இன்னும் ரெண்டு வருஷம் படிச்சா கவர்மென்ட் பணம் கிடைக்கும்” என்று அப்பாக்கள் கணக்குப் போட்டதை நேரில் பார்த்திருக்கிறேன்.

2022-ல் அதைப் புதுமைப்பெண் என்று மாற்றினார்கள். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவள் கல்லூரியில் சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும். அந்த ஆயிரம் செமஸ்டர் ஃபீஸுக்கும் ஹாஸ்டலுக்கும் போகிறது. இதை யாரும் அடகு வைக்க முடியாது. கவுன்ட்டரில் இருந்தவளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? சரி என்றுதான் சொல்வேன்.

“பி.இ. முடித்து இரண்டு வருஷம் வேலை பார்த்தேன். கல்யாணத்துக்குப் பிறகு ஆறு வருஷமாக வீட்டில் சும்மாதான் இருக்கிறேன். என் படிப்பு வீண்தானா?”
– வாசகி, ஓசூர்

அந்த ‘சும்மா’வை முதலில் எடுத்துவிடும்மா. சம்பளமில்லாத வீட்டுவேலைக்கு ஒரு நாளில் பெண்கள் 289 நிமிடம், ஆண்கள் 88 நிமிடம் செலவழிக்கிறார்கள் என்கிறது மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு. அந்த 88-ம் வீட்டுவேலை செய்த ஆண்களின் கணக்கு. செய்யாதவர்கள் அதில் சேர்த்தியே இல்லை.

நாடு என்ன இழக்கிறது என்பதற்கு உங்கள் ஊர் ஆலைகளில் வேலை செய்யும் பெண்களே சாட்சி. இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். இது தானாக நடந்துவிடவில்லை. இரவு ஏழு மணிக்கு மேல் பெண்கள் ஆலையில் வேலை செய்யக்கூடாது என்ற சட்டப்பிரிவை 2000-ல் சென்னை உயர்நீதிமன்றம் செல்லாது என்றது. ஹாஸ்டல் வந்தது, கம்பெனி பஸ் வந்தது. 2021-லிருந்து அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை. டிக்கெட் காசு மிச்சமானதால் வேலைக்குக் கிளம்பிய அம்மாக்கள் எங்கள் தெருவிலேயே மூன்று பேர்.

ஆனால் படித்த பெண்ணுக்குத் தடை பஸ் இல்லை. என் கதையைச் சொல்கிறேன். வங்கியில் பிரமோஷன் என்றால் கூடவே டிரான்ஸ்ஃபர். கிளார்க்காக இருந்தபோது இரண்டு தடவை “எனக்குப் பதவி உயர்வு வேண்டாம்” என்று கைப்பட எழுதிக் கொடுத்தேன். முதல் தடவை மகளுக்கு ஒரு வயது. இரண்டாம் தடவை மாமியாருக்கு இடுப்பெலும்பு முறிவு. கூடவே சேர்ந்த ஆண்கள் மண்டல அலுவலகத்துக்குப் போய், எனக்கே சர்க்குலர் அனுப்பினார்கள். மூன்றாம் தடவை கடிதத்தைக் கிழித்துப் போட்டது என் கணவர். அதற்குள் எட்டு வருஷம் போயிருந்தது.

ஓசூரில் இருந்துகொண்டு படிப்பு வீணா என்று கேட்காதே. குழந்தையைப் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள் என்று கேள், அதையும் உன் வீட்டுக்காரரிடம் கேள்.

“குழுக் கடன் பெண்களை முன்னேற்றியதா, கடனாளி ஆக்கியதா?”
– சுய உதவிக் குழு உறுப்பினர், தருமபுரி

உங்கள் மாவட்டத்தில்தானே 1989-ல் தமிழ்நாட்டு மகளிர் திட்டமே ஆரம்பித்தது! ஐந்தும் பத்துமாகச் சேமித்து, உள்கடன் கொடுத்து, நோட்டு எழுதிப் பழகிய பிறகுதான் அந்தக் குழுக்களை வங்கி உள்ளே விட்டது. அவர்களிடம் வராக்கடன் என்று நான் எழுதியது மிகக் குறைவு. கவுன்ட்டரில் கையெழுத்துப் போடக் கூச்சப்பட்டவர்கள், பிறகு “மேனேஜர் எங்கே?” என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள்.

நீங்கள் கேட்பது அதுவல்ல என்று புரிகிறது. செவ்வாய்க்கிழமை காலையில் யாராவது ஒருத்தர் வீட்டு வாசலில் பத்துப் பேரை உட்கார வைத்து வாரத் தவணை வசூலிக்கும் கம்பெனிக் கடன் வேறு. அங்கே சேமிப்பும் இல்லை, நோட்டும் இல்லை. ஒரு கம்பெனிக்குக் கட்ட இன்னொரு கம்பெனியில் வாங்குவது. மொத்தத் தவணை குடும்ப வருமானத்தில் பாதிக்கு மேல் போகக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-ல் விதி போட்டது. கட்டாய வசூலைத் தடுக்க 2025-ல் நம் சட்டசபை தனிச் சட்டமே கொண்டுவந்தது. வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்து மிரட்டினால் போலீசுக்குப் போகலாம், பயப்படாதீர்கள். அதோடு, அடுத்த கடனை எதற்கு வாங்குகிறோம் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பாருங்கள். மாடு என்றால் வாங்கலாம். ‘நாத்தனார் வீட்டுச் செய்முறை’ என்று வந்தால் பேனாவை மூடிவிடுங்கள்.

“இவ்வளவு பேசுகிறீர்களே, உங்கள் மகளுக்கு எத்தனை பவுன் போட்டீர்கள்?”
– பெயர் சொல்ல விரும்பாத வாசகர், சிவகாசி

வரும் என்று எதிர்பார்த்த கேள்விதான்.

நாற்பது. மாப்பிள்ளை வீட்டில் யாரும் கேட்கவில்லை. மேலாளர் மகளுக்குக் குறைவாகப் போட்டால் ஊர் என்ன சொல்லும் என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். பி.எஃப். கடன் எடுத்தேன். மகள் பெங்களூருவில் வேலை பார்க்கிறாள், கழுத்தில் நூல் மாதிரி ஒரு செயின், அவ்வளவுதான் போடுகிறாள். நகை என் பெயரிலுள்ள லாக்கரில் இருக்கிறது, வருஷ வாடகை என் பென்ஷன் கணக்கிலிருந்து கழிகிறது.