இரண்டு முனையிலும் வாய் வைத்த பழைய கண்ணாடி மணிக்கு என்ன பெயர்?

பாட்டி வைத்திருந்த பாசிமாலையில் ஒரு மணி மட்டும் இரண்டு பக்கமும் வாய் வைத்த குட்டிப் பானை போல இருக்கிறது, அதன் பெயரும் வயதும் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெயர் சுலபம். துளையைச் சுற்றி விளிம்பு எழும்பியிருந்தால் ‘காலர் பீட்’ என்பார்கள். தமிழில் கழுத்துப்பட்டை மணி எனலாம். வயது அப்படியல்ல. வடிவத்தை மட்டும் பார்த்து “ரோமானியர் காலம்” என்று யாராவது அடித்துச் சொன்னால் விலையைக் கேட்காமல் நகர்ந்துவிடுங்கள்.

மணிகளுக்குப் பெயர் வைக்கும் முறையை 1928இல் ஹொரேஸ் பெக் என்பவர் வகுத்தார். இன்றும் அகழாய்வு அறிக்கைகளில் அதன் சாயல் தெரியும். துளையை நேராகப் பார்த்தால் தெரிவது குறுக்குவெட்டு: வட்டமா, அறுகோணமா, தட்டையா? பக்கவாட்டில் பார்த்தால் தெரிவது உருவம்: பீப்பாய், உருளை, இருகூம்பு. மூன்றாவது நீளம். குறுக்களவில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானால் வட்டு, அதற்கு மேல் குட்டை, ஏறக்குறையச் சமமானால் இயல்பு, மிஞ்சினால் நீளம். ‘குட்டையான, வட்டக் குறுக்குவெட்டுள்ள, கழுத்துப்பட்டை வைத்த பீப்பாய்’ என்று எழுதினால், படமே இல்லாமல் இன்னொருவர் உங்கள் மணியைக் கண்ணால் கண்ட மாதிரி புரிந்துகொள்வார். எனக்குக் கடைப்பெயர்களைவிட இந்த வறட்டுப் பெயர்கள்தான் பிடிக்கும்.

ஆனால் உங்கள் மணியில் பார்க்க வேண்டியது அந்த விளிம்பை. அது இரண்டு வழியில் வந்திருக்கலாம். வேண்டுமென்றே செய்த கழுத்துப்பட்டை வழவழப்பாக, சுற்றிலும் ஒரே அளவாக இருக்கும். இன்னொன்று உடைந்த கழுத்து. சூடான கண்ணாடிக் குழாயைப் பள்ளங்கள் வெட்டிய கல் அச்சின்மேல் உருட்டினால் வரிசையாகப் புடைப்பும் இடுக்கும் விழும். ஆறிய பிறகு இடுக்கில் ஒடித்து எடுப்பார்கள். எகிப்தின் அலெக்சாந்திரியாவில் கோம் எல்-திக்கா அகழாய்வில் இப்படிப்பட்ட அச்சுகள் கிடைத்திருக்கின்றன. ஒடித்த இடம் கரடுமுரடாக இருக்கும். விளிம்பு என்று நாம் நினைப்பது அங்கே பக்கத்து மணியின் மிச்சம்தான். இரண்டு கண்ணாடி அடுக்குக்கு நடுவே பொன் தகடு மின்னும் மணிகளில் இந்த ஒடிப்பு அடிக்கடி தென்படும்.

பத்து மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கிக்கொண்டு, மணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். குமிழிகளும் கோடுகளும் துளையோடு சேர்ந்து நீளவாக்கில் ஓடினால் இழுத்த குழாயிலிருந்து வெட்டிய மணி. துளையைச் சுற்றி வளைந்தால் கம்பியில் சுற்றிச் செய்தது. பக்கத்தில் தையல் போல மெல்லிய கோடு இருந்தால் பெரும்பாலும் அச்சில் அழுத்தியது. புதுச்சேரிக்குப் பக்கத்துப் பழைய துறைமுகமான அரிக்கமேட்டில் கிடைக்கும் சின்னச்சின்ன ஒற்றை நிறப் பாசிகள் பெரும்பாலும் முதல் வகை. மணி ஆய்வாளர் பீட்டர் பிரான்சிஸ் அவற்றை இந்தோ-பசிபிக் மணிகள் என்றார். குழாயை இழுத்து, துண்டு போட்டு, மறுபடி சூடேற்றி ஓரத்தை மழுக்கும் அந்த வேலையை ஆந்திரத்துப் பாப்பநாயுடுபேட்டையில் நம் காலத்திலும் செய்திருக்கிறார்கள்.

அந்த மறுசூட்டில் இரண்டு பாசிகள் ஒட்டிக்கொள்வதும் உண்டு. இரட்டை மணி என்று அதற்குத் தனிப்பெயர் தேடாதீர்கள், அது கழிவு. ஆய்வாளருக்கு மட்டும் அது தங்கம், ஏனென்றால் கழிவு குவிந்து கிடக்கும் இடத்தில்தான் பட்டறை இருந்திருக்கும். (அரிக்கமேடு பாதுகாக்கப்பட்ட இடம், தரையில் பார்த்தால் அங்கேயே விட்டுவிடுங்கள்.)

தனி மணியாகப் பார்த்தால் பெயரே பிடிபடாத வகையும் இருக்கிறது. செக் நாட்டு யாப்லோனெட்ஸ் பகுதியில் மேற்கு ஆப்பிரிக்கச் சந்தைக்காக அச்சில் வார்த்த ‘பாம்பு மணி’ அப்படி. ஒன்றை எடுத்தால் வளைந்த எலும்புத்துண்டு மாதிரி அர்த்தமில்லாமல் இருக்கும்; கோத்தால் ஒன்றுக்குள் ஒன்று பொருந்திப் பாம்பின் முதுகெலும்பாகிவிடும்.

ஆகவே மாலையை அவிழ்க்க வேண்டாம். பக்கவாட்டில் ஒன்று, துளையை நேராக ஒன்று, வெளிச்சத்துக்கு எதிரே ஒன்று என மூன்று படங்களும், மில்லிமீட்டரில் நீளமும் குறுக்களவும் போடுங்கள். விளிம்பு ஒடிந்ததா, வைத்ததா என்று அப்போது சொல்லிவிடலாம்.